‘நான் இல்லாட்டி’ என்றொரு கொப்பி

அவருக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால் குடிக்கமாட்டார். அதே தேத்தண்ணியை இரண்டு கோப்பையில் பாதி பாதியாக ஊற்றிக் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் நான் தெரியாமல் ஒரு கோப்பையை நிறைத்து வைத்துவிட்டேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ராத்தா, இது கொட்டுப்பட்டா நான் என்னத்தக் குடிக்கிற?"

கொட்டுப்பட்டால் இன்னொன்று ஊற்றித் தருவேன் என்றேன்.

"அந்த நேரம் நீங்க இல்லாட்டி?"

பைத்தியம் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கழுவுவதற்கு ஒரு கோப்பை கூடியதுதான் எனக்குக் கண்ட மிச்சம்.

கல்முனையில் இரத்தம், சலம் சோதிக்கிற ஒரு லேப் அது. மருதமுனையில் தொடங்கிப் பொத்துவில் வரைக்கும் கரையோரமாகக் கிளைகள், உள்ளுக்குள்ளே இறக்காமத்தில் ஒன்று. எங்களுடையது தலைமை ஒபிஸ். நான் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி ஊற்றுகிறவள். அவர் எல்லாக் கிளைகளின் கொம்பியூட்டர்களுக்கும் பொறுப்பானவர். பெயரைச் சொல்லமாட்டேன். நாங்கள் ‘சேர்’ என்றுதான் கூப்பிட்டோம். வயதில் மூத்தவள் என்று எல்லோருக்கும் நான் ‘ராத்தா’, அக்கா.

கழுத்து நீண்ட, ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனை. கண்ணாடி இரண்டு, ஒன்று மூக்கில், மற்றது நெற்றியில். மோட்டார் சைக்கிளில் இரண்டு மழைக் கோட்டு. செருப்பு அறுந்துபோனால் என்று மேசைக்கடியில் இன்னொரு சோடி. தலைக்கும் ஒரு மாற்று கடையில் கிடைத்திருந்தால் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பார் என்று நான் சொல்ல, கவுண்டரில் இருக்கிற பர்ஹானா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தப் பிள்ளை சிரிக்கிறாள் என்பதற்காகவே நான் அந்த மனிதரைப் பற்றித் தினமும் ஒன்று கட்டிவிடுவேன்.

கடல் ஊருக்குள் வந்த நாளில் அவருடைய வீட்டில் ஏதோ போனதாக, அதனால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று பர்ஹானா பாவப்பட்டாள். என்ன போனது என்று அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. எங்கள் கரையில் யாருக்குத்தான் போகவில்லை. எல்லாருமா இரண்டு கோப்பை கேட்கிறார்கள்?

அவருடைய வேலை என்னவென்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. பின்பக்க அறையில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, அதற்கு ஏசி போட்டுப் பூட்டி வைத்திருப்பார். அடுப்படியில் எனக்கு வியர்த்து ஊற்றும், பெட்டி குளிரில் இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் நோன்புக் கஞ்சியை வைத்து விளக்கினார். நோன்பு காலத்தில் வீட்டுக்கு வீடு கஞ்சி காய்ச்சுவதில்லை. பள்ளிவாசலில் பெரிய கிடாரத்தில் காய்ச்சுவார்கள், ஊர் வாளியைக் கொண்டுவந்து வாங்கிப் போகும். கொம்பியூட்டருக்குள் இருக்கிற மென்பொருளிலும் இடைக்கிடை ஓட்டை விழுமாம். அதைச் செய்தவர்கள் திருத்தம் அனுப்புவார்களாம். எல்லாக் கிளையும் தனித்தனியே அதை இறக்கினால் இணையம் தாங்காது. இந்தப் பெட்டி ஒன்றே எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு கிளைகளுக்குப் பங்கு போடும்.

"அப்ப நீங்க கஞ்சி காய்ச்சுறவர்" என்றேன்.

"காய்ச்சுறல்ல ராத்தா, பங்கு போடுற."

"பங்கு போட முந்தி ருசி பார்க்கிற யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஒபிஸில் அத்தனை படித்த ஆட்கள் இருந்தும் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையாம். அன்றிலிருந்துதான் அந்த மனிதர் என்னிடம் கொஞ்சம் கதைக்கத் தொடங்கினார். அதுவே எனக்குப் பிறகு வினையாகிப் போனது. அவருக்கும்.

ருசி பார்ப்பது இறக்காமம். வருகிற திருத்தம் எதுவானாலும் முதலில் அங்கே போகும். மூன்று நாள் அங்கே ஒன்றும் பிழைக்காமல், பழுதில்லாமல் ஓடினால்தான் மற்ற ஊர்களுக்கு. பிழைத்தால் இறக்காமத்தில் ரிப்போர்ட் பாதி அச்சாகி நிற்கும். அங்கே இருக்கிற பிள்ளை போனில் ஏசத் தொடங்குவாள்.

"எங்கட ஊர்தானா சேர் ஒங்களுக்கு ருசி பார்க்கிற சட்டி?"

வேறு ஆளாக இருந்தால் ஒரு பொய்யாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இவர் நிதானமாக, "ஓம் தங்கச்சி, அங்கதான் நோயாளிமார் குறைவு" என்பார். அவள் போனை வைக்கிற சத்தம் அடுப்படிக்கே கேட்கும். தான் சொன்னதில் என்ன பிழை என்று அவருக்குக் கடைசிவரை விளங்காது.

பெட்டியின் மாற்றும் இறக்காமத்தில்தான் இருந்தது. கடல் இன்னொருமுறை வந்தால் கல்முனைப் பெட்டி போய்விடும், ஆகவே மற்றது உள்நாட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. "கடலுக்குப் பயந்து கொண்டுபோய் யானைக்குக் குடுத்திரிக்கீங்க" என்றேன் நான். அங்கே வேளாண்மைக் காலத்தில் யானை வீட்டுச் சுவரையே தள்ளிவிட்டு நெல் தின்னும். பகிடியாகத்தான் சொன்னேன். அவர் உடனே பேனையை எடுத்துத் தன் பட்டியலில் வெள்ளம், தீ, கறண்ட் வெட்டு என்பவற்றுக்குக் கீழே ‘யானை’ என்று எழுதினார். அடுத்த கிழமையே மூன்றாவதாக ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து என் அடுப்படி அல்மாரியில், சீனி டின்னுக்குப் பின்னால் வைத்தார். ஒபிஸில் எந்த நேரமும் ஆள் இருக்கிற இடம் அடுப்படிதானாம். எறும்பு வந்தால் என்று கேட்டேன். எறும்பையும் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து வியாழன் தோறும் அந்த டிஸ்க்கை எடுத்துப் பெட்டியில் மாட்டி, பச்சை விளக்கு எரிந்ததும் கழற்றி, திரும்பச் சீனிக்குப் பின்னால் வைப்பது என் வேலை. மாதம் ஒருமுறை அவர் அதைத் திறந்து, உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "தொறந்து பார்க்காத பொட்டிக்குள்ள சாமான் இரிக்கிதெண்டு எப்பிடிச் சொல்லுற?" என்பார்.

பெட்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் ஆட்களையும் அப்படித்தான் பார்த்தார். யாராவது முன்னால் வந்து நின்றால் அந்த ஆள் இல்லாமல் போன பிறகு அந்த இடம் எப்படி இருக்கும் என்றுதான் அவர் கண் பார்க்கும். லேப்புக்குச் சொந்தக்காரர் ஹாஜியார். அவர் இரண்டாவது ஹஜ் முடித்து வந்து எங்களுக்குப் புரியாணி போட்ட நாள். ஆண்கள் எல்லோரும் ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டில், கை வைத்திருக்கிறார்கள். சேர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஹாஜியார், அல்லா காப்பாத்தணும், நீங்க மௌத்தாப் போனா பெட்டி அறைட ரெண்டாவது சாவி யாருக்கிட்ட?" என்று கேட்டார். ஹாஜியாரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவர் மகன் விக்கினான். நான் தண்ணிப் போத்தலை நீட்டிக்கொண்டு, "சேரும் ஒங்களுக்கு நீண்ட ஆயுசுக்குத்தான் துஆ செய்யிறார் ஹாஜியார், அவர்ட துஆ இந்த மாதிரித்தான் வெளியில வரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார்.

எனக்கும் ஒன்று வைத்திருந்தார். ஒரு காலையில் வந்து பார்த்தால் அடுப்படிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ‘ராத்தா இல்லாட்டி’ என்று மேலே. கீழே என் மச்சியின் பெயரும் போன் நம்பரும். என் மச்சியை, தம்பி பெண்சாதியை, எனக்கு ஆகாது. தேத்தண்ணியில் சாயம் இறங்குமுன்னே வடித்துவிடுகிற கை அவளுடையது. அதுவும் நான் உயிரோடு, வாளியும் தும்புத்தடியுமாக நிற்கும்போதே என் கதவில் அவள் பெயர். தாளைக் கிழித்தேன். மறுநாள் இன்னொன்று இருந்தது. அதற்கும் மாற்று வைத்திருந்தார்.

இப்போது அங்கே தேத்தண்ணி ஊற்றுவது என் மச்சிதான். என் முழங்கால் மடங்க மறுத்த மாதம் ஹாஜியார் அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவளுக்குப் போன் கோல் எடுத்தாராம். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கோபம் ஒன்றுதான். அதைக் கொட்ட ஒரு இடம் தேடினேன்.

இரண்டு அரைக் கோப்பையோடு போய் நின்று, பர்ஹானாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகக் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் ரெண்டு வெச்சிரிக்கீங்க சேர். புள்ள மட்டும் ஒண்டோட நிப்பாட்டிட்டீங்களே?"

அவருக்கு ஒரே ஒரு மகள். அவர் மேசையில் இருந்த இரண்டு பேனையையும் எடுத்து ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நேராக வைத்தார்.

"அதுக்கு மற்றது எடுத்து வெக்க ஏலாது ராத்தா" என்றார்.

அன்றைக்கு இரண்டு கோப்பையும் ஆடை படர்ந்து அப்படியே இருந்தன. நான் எடுத்துக் கழுவினேன். வெட்கப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் பகிடி ஒரு தடவையாவது அவருக்குப் பட்டதே என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

பெட்டி பழசாகிக்கொண்டு வந்தது. அதற்குள் ஓடுகிற மென்பொருளுக்கு இனித் திருத்தம் வராது, புதுசுக்கு மாற வேண்டும் என்று கம்பனிக்காரர் அறிவித்துவிட்டார்கள். பழசில் இருந்து ஒரே பாய்ச்சலில் புதுசுக்குப் போக முடியாதாம். நடுவில் ஒரு படி ஏறி நின்று, எல்லாம் சரியா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் மேலே. ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். இதற்குப் புதுப் பெட்டி ஒன்று வேண்டும் என்று சேர் ஹாஜியாரிடம் போய் நின்றார்.

"இப்ப இரிக்கிறது ஓடுதே" என்றார் ஹாஜியார்.

"நிண்ட பொறகு வாங்க ஏலாது ஹாஜியார்."

"நிண்டா நீங்க என்னத்துக்கு இரிக்கீங்க?"

சேருக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. தான் இருப்பதால் ஓடுகிற பெட்டி அவருக்குப் பெட்டியே இல்லை. அப்படியானால் தான் இல்லாமலே அதை எழுப்பிக் காட்டுகிறேன், கண்ணால் பார்த்துவிட்டுப் புதுசு வாங்கித் தாருங்கள் என்று ஹாஜியாரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

இந்த மாதிரி வேலைக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு நேரம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம். கடைகள் மூடி, ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய், கிளைகளில் கொம்பியூட்டர்களுக்கு வேலை மிகக் குறைந்த ஒரு மணித்தியாலம். பெட்டியில் கை வைக்க அதைவிடத் தோதான நேரம் இல்லை. ஆனால் அதே நேரத்தில் பிழைத்தால் பார்க்க ஒரு ஆண்பிள்ளையும் இல்லை. "நான் தொழுகைட ரெண்டாவது ரக்அத்தில நிக்கக்குள்ள பெட்டி படுத்தா?" என்று அவர் என்னைக் கேட்டார். என்னைக் கேட்டு என்ன பயன் என்று நான் கேட்டேன். ஒபிஸில் அப்போது இருப்பது நானும் பர்ஹானாவும் மட்டும்தான் என்றார்.

பர்ஹானா ஏ லெவல் படித்த பிள்ளை, நான் நாலாம் வகுப்பு. அவளிடம் கொடுங்கள் என்றேன்.

"அவ தெரியுமெண்டு நெனச்சி அமத்துவா" என்றார். "நீங்க தெரியாதத்த அமத்தமாட்டீங்க."

எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் எனக்காக எழுதத் தொடங்கினார். மட்டையில் ‘நான் இல்லாட்டி’. உள்ளே எழுத்துக்கள் குண்டு குண்டாக, ஒரு பக்கத்துக்கு ஒரு படி. இங்கிலீசு ஒன்றும் இல்லை. வயர்களில் நிறத் தாள் ஒட்டி, கொப்பியிலும் அதே நிறத் தாள் ஒட்டியிருந்தார். முதலாம் படி: ‘நீல வயரைக் கழற்றவும்.’ பெட்டி பிழைத்தால் முதலில் அதைக் கிளைகளிலிருந்து பிரித்துவிட வேண்டும், பிழையைப் பங்கு போட விடக்கூடாது. இரண்டாம் படி சீனி டின்னுக்குப் பின்னால் இருக்கிற டிஸ்க். ஒன்பதாம் படியில் திரையில் ஒரு எண் வரும், அது கொப்பியில் இருக்கிற எண்ணாக இருந்தால் பச்சைப் பக்கம், இல்லாவிட்டால் சிவப்புப் பக்கம். பதின்மூன்றாம் படி, இறக்காமத்துக்குக் கோல் எடுத்து அங்கே ரிப்போர்ட் அச்சாகிறதா என்று கேட்பது. மொத்தம் பதினான்கு.

நாலு கிழமை என்னை வைத்து ஓட்டினார். நான் தடக்குகிற இடத்தில் எல்லாம் என்னைத் திருத்தவில்லை, கொப்பியைத் திருத்தினார். ‘அமத்தவும்’ என்பதில் எதை என்று நான் கேட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படம் கீறிப் புதிதாக எழுதுவார். எனக்கு விளங்காத ஒன்று என்றால் அது அவருடைய குற்றம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பித்த ஒருவரும் அப்படி நினைத்ததில்லை. முழுக்க எழுதி முடித்ததும் அதே மாதிரி இன்னொரு கொப்பியும் எழுதினார். ஒன்று என் அல்மாரிக்கு, மற்றது அவர் பைக்குள். எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம் என்று கடைசிப் பக்கத்தில் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவரே பெட்டிக்குள் எதையோ கழற்றி, அதைச் சாகடித்துவிட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூச் செய்துகொண்டு ஹாஜியாரோடு பள்ளிக்கு நடந்தார். போகும்போது திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நான் பிஸ்மி சொல்லி நீல வயரைக் கழற்றினேன். பர்ஹானா பக்கத்தில் நின்று, அதை அமத்துங்க ராத்தா, இதை அமத்துங்க என்று உயிரை எடுத்தாள். அவளை எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். ஒன்பதாம் படியில் எண் வந்தது. கொப்பி எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று மூன்று தரம் விரல் வைத்துப் பார்த்தேன். பச்சைப் பக்கம். இறக்காமத்துப் பிள்ளை, "அச்சாகுது ராத்தா" என்றாள்.

பதினான்காம் படி: ‘வேலை செய்யுதெண்டு எனக்குச் சொல்லவும்.’ கீழே இரண்டு போன் நம்பர். பள்ளியில் போன் நிறுத்தியிருக்கும் என்று நான் அவர் வரும்வரை இருந்தேன்.

ஆண்கள் அத்தர் மணக்க உள்ளே வந்தார்கள். ஹாஜியார், மகன், லேப்பில் வேலை செய்கிற எல்லோரும் பெட்டி அறை வாசலில். உள்ளே விளக்குகள் பச்சையாக மினுங்குகின்றன. சேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பரீட்சை எழுதியது அவர்தான் என்பது போல. எனக்கு முன்னால் அவ்வளவு பேர், எல்லோருடைய கண்ணும் என்னில். அப்படி ஒரு சபை எனக்கு அதற்கு முந்தி கிடைத்ததில்லை. கதவில் என் மச்சியின் பெயர் ஒட்டியிருந்ததும் நினைவுக்கு வந்தது.

"ஹாஜியார்" என்றேன். "இதுக்கு ஒரு சேர் என்னத்துக்கு? தேத்தண்ணி ஊத்துறவளே போதுமே."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் சேர். அந்த மனிதர் வாய் விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அதுதான் ஹாஜியார், அதத்தான் நானும் சொல்லுற" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என் கையில் இருந்த கொப்பியை வாங்கிப் புரட்டினார்.

இரண்டு ஜும்மா போனது. மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் சேரை உள்ளே கூப்பிட்டுக் கதைத்தார்கள். வெளியில் வந்த ஹாஜியாரிடம் பர்ஹானா என்ன நடந்தது என்று கேட்டாள்.

"ஒண்டுமில்ல மகள். அவர்ட வேலைய அவர் நல்லா முடிச்சித் தந்திட்டார்" என்றார்.

சேர் அடுப்படிக்கு வந்தார். அல்மாரியைத் திறந்து சீனி டின்னை நகர்த்தி டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்தார். கொப்பியில் பக்கம் ஏதும் கழன்றிருக்கிறதா என்று புரட்டினார். பழக்கம் மறந்து, தேத்தண்ணியை ஒரே கோப்பையில் நிறைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் அதை அப்படியே வாங்கிக் குடித்தார்.

"சேர், நான் பகிடிக்குத்தான்..." என்று தொடங்கினேன்.

"நீங்க சொன்ன சரிதானே ராத்தா. அப்பிடித்தானே எழுதின."

மேசைக்கடியில் இருந்த இரண்டாவது சோடிச் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்றைக்கு ஒரு பகிடியும் வரவில்லை. வந்திருந்தால் சொல்லித்தான் இருப்பேன்.

கேட்கும்போது கிடைக்காத புதுப் பெட்டி அவர் போன நாலாவது மாதம் வந்தது. கொழும்பில் இருக்கிற ஒருவர் போனிலேயே எல்லாம் செய்துகொடுப்பார் என்றார்கள். ஜும்மா நேரத்தில் செய்வது என்ற பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த ஆள் நடுப்படியைத் தாண்டி ஒரே பாய்ச்சலில் மேலே போனார். இறக்காமத்துக்கு ருசி பார்க்கவும் கொடுக்கவில்லை, எல்லா ஊருக்கும் ஒன்றாக அனுப்பிவிட்டார்.

டெங்குக் காலம். காய்ச்சல்காரர்களுக்கு வேளைக்கு வேளை இரத்தம் சோதித்து எண்ணிக்கை பார்க்க வேண்டும். வாசலில் ஒரு தாய் தன் மகனை மடியில் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டுக்கு இருக்கிறாள். பர்ஹானாவின் திரை நீலமாகி அணைந்து, எரிந்து, திரும்பவும் அணைந்தது. பொத்துவில், அக்கரைப்பற்று, சாய்ந்தமருது என்று கோல் வந்தபடி இருக்கிறது, எல்லா இடத்திலும் அதே கதை. கொழும்பு ஆள், மூன்று நாள் எடுக்கும் என்றார். ஆண்கள் எல்லோரும் பள்ளியில்.

நான் புதுப் பெட்டியிலிருந்து நீல வயரைக் கழற்றினேன். பழைய கறுப்புப் பெட்டி மூலையில் துணி மூடிக் கிடந்தது. சேர் போன பிறகும் வியாழக்கிழமைகளில் டிஸ்க்கை அதில் மாட்டிக் கழற்றுவதை நான் விடவில்லை. ஒருவரும் செய்யச் சொல்லவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. துணியை எடுத்தேன், கொப்பியை விரித்தேன். இந்தமுறை எழுத்துக் கூட்டத் தேவைப்படவில்லை. ஒன்பதாம் படியில் எண் சரியாக வந்தது, வயரைப் பழைய பெட்டியில் மாட்டினேன். இறக்காமத்துப் பிள்ளை, "சட்டி நல்லா இரிக்கி ராத்தா" என்றாள். பர்ஹானாவின் திரை எரிந்து நின்றது. அந்தத் தாய் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

பள்ளி விட்டு வந்த ஹாஜியார் விசயத்தைக் கேட்டுவிட்டு, "நம்மட ராத்தா இரிக்கக்குள்ள என்ன பயம்" என்றார். சேரின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. கடைசிப் படி ஒன்று மிச்சம் இருக்கிறது என்று கொப்பியைக் காட்டினேன்.

"அது தேவல்ல. பொட்டி ஓடுதுதானே" என்றார்.

அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு முதல் நம்பரை அடித்தேன். அந்த நம்பர் இப்போது பாவனையில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. இரண்டாவதை அவர் மனைவி எடுத்தா. நான் யார் என்று சொன்னேன்.

"ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா முடிஞ்சி வந்து போனப் பார்த்துக்கிட்டுத்தான் இரிக்கிறார்" என்றா. "வேற எடத்தில வேல வந்தும் போகல்ல. இண்டைக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும், கூப்புடுவாங்க எண்டு சொல்லுறார். நிண்டிட்டா ராத்தா?"

நான் பதில் சொல்லுமுன் போனை அவரிடம் கொடுத்துவிட்டா. அவருடைய மூச்சு கேட்டது. அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது, என் வாய்க்குள் இருக்கிற இரண்டு பதிலும் அவரைக் கொல்லும் என்று. கொப்பி வேலை செய்தது என்றால் அவர் தேவையில்லை. வேலை செய்யவில்லை என்றால் அவரைக் கூப்பிடுவார்கள், ஆனால் அவர் எழுதியது பிழை. மூன்றாவது பதில் ஒன்று இருந்திருந்தால் இந்த மனிதரே முதலில் எழுதி வைத்திருப்பார்.

"சொல்லுங்க ராத்தா."

"நிண்டிச்சு சேர். கொப்பியப் பார்த்து நான் எழுப்பிட்டன்."

"எந்தப் படியில சொணங்கிச்சு?"

"ஒண்டிலயும் இல்ல."

"ஒம்பதில?"

"இல்ல சேர்."

பின்னால் அவருடைய மகள் எதையோ சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் எடுத்த?"

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். "நாப்பது நிமிசம்."

"நான் ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிரிக்கன்" என்றார். "கடைசிப் பக்கத்தத் திருத்துங்க ராத்தா. நாப்பது."

அல்மாரியில் பேனை இருந்தது, அவர் விட்டுப்போன இரண்டில் ஒன்று. கொப்பியை மேசையில் விரித்து, அவர் போட்டிருந்ததை வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்.

"எழுதிட்டன்" என்றேன்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார். "மற்றக் கொப்பி எனக்கிட்ட இரிக்கி."

அவர் எங்கேயோ எழும்பிப் போய் வந்தார். பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, போனுக்குப் பக்கத்திலேயே, பேனை தாளில் கீறுகிற சத்தம்.